மலை சேர்த்த புளிப்பும் கிள்ளான் பள்ளத்தாக்கு வெயிலும்

கேமரன் மலையில் தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அர்ஜென்டினாவின் மெண்டோசாவில் கதேனா குடும்பம் 1992-இல் நட்ட அத்ரியானா தோட்டமும் ஏறக்குறைய அதே உயரம்தான். இங்கே தேயிலையும் ஸ்ட்ராபெரியும் விளைகின்றன. அங்கே விளைவது உலகமே தேடி வாங்கும் மால்பெக் என்ற சிவப்பு ஒயின் திராட்சை. உயரம் மட்டும் போதுமென்றால் பிரிஞ்சாங் சரிவெல்லாம் இந்நேரம் திராட்சைப் பந்தலாகியிருக்கும்.

பாங்சாரிலும் ஜார்ஜ்டவுனிலும் ஒயின் கடைக்குப் போனால் போத்தலின் முன்பக்கத்திலேயே மீட்டர் கணக்கு அச்சடித்திருப்பதைப் பார்க்கலாம். 1,200, 1,700, 2,300 என்று எண் ஏற ஏற விலையும் ஏறும். அந்த எண்ணுக்குக் காசு கொடுக்குமுன் அது திராட்சைக்கு என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. சுருக்கமாகச் சொன்னால், உயரம் பழத்தின் புளிப்பைக் காப்பாற்றுகிறது, தோலைத் தடிக்கவைக்கிறது. சிக்கல் என்னவென்றால், நம் ஊர்ச் சூட்டில் முதலில் மங்கிப்போவது இந்தப் புளிப்பு தரும் உயிர்ப்புதான்.

ஒவ்வொரு 100 மீட்டர் ஏறும்போதும் வெப்பம் சுமார் 0.6 டிகிரி குறையும். பினாங்குக் கொடிமலையில் ரயிலேறியவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. உச்சி 833 மீட்டர், கீழே ஆயர் ஈத்தாமில் வியர்த்தவருக்கு மேலே ஐந்து டிகிரி குறைவு. ஆனால் கொடிமலையில் இரவும் பகலும் பெரிதாக வேறுபடுவதில்லை. ஈரக் காற்றும் மேகமும் போர்வை மாதிரி மூடிக்கொள்கின்றன. மெண்டோசா இருக்கும் ஆண்டிஸ் மலையடிவாரம் பாலைவனம். காற்று மெலிந்தது, உலர்ந்தது, வானம் துடைத்துவிட்டது போலிருக்கும். பகலில் 30 டிகிரிக்குச் சூடேறிய நிலம், சூரியன் சாய்ந்ததும் வெப்பத்தையெல்லாம் வானுக்கு விட்டுவிடும். விடியற்காலையில் 12 டிகிரி இருக்கும், சில நாள் அதற்கும் கீழே.

இந்த ஏற்ற இறக்கத்தில்தான் விஷயமே இருக்கிறது. திராட்சை இரவிலும் மூச்சுவிடும். அப்போது தன்னிடமுள்ள மாலிக் அமிலத்தைச் செலவழிக்கும். பச்சை ஆப்பிளைக் கடித்தால் பல் கூசுமே, அந்தப் புளிப்பு. இரவு சூடாக இருந்தால் செலவு கூடும், குளிர்ந்தால் குறையும். திராட்சையின் இன்னொரு அமிலமான டார்டாரிக் அவ்வளவு எளிதில் கரையாது. வெப்ப நிலங்களில் பழம் இனிப்பேறும் வேகத்திலேயே புளிப்பு போய்விடுவதால், ஒயின் ஆலைகள் லிட்டருக்கு ஒன்றிரண்டு கிராம் டார்டாரிக் அமிலத்தைக் கொட்டிச் சரிசெய்வது வழக்கம். அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் கடைசி நேரத்தில் எலுமிச்சை பிழிந்த குழம்பு மாதிரி, புளிப்பு ஒரு பக்கமும் சுவை ஒரு பக்கமும் நிற்கும்.

இங்கே விளம்பரங்கள் விட்டுவிடும் ஒரு செய்தி உண்டு. சிவப்பு ஒயின் அநேகமாக எல்லாமே சர்க்கரை நொதித்த பிறகு இன்னொரு மாற்றத்துக்கு உட்படும். பாக்டீரியா மாலிக் அமிலத்தை லாக்டிக் அமிலமாக, அதாவது தயிர்ப் புளிப்பாக மாற்றிவிடும். மலை காப்பாற்றிக் கொடுத்ததில் ஒரு பங்கு இப்படி மென்மையாகிவிடுகிறது. அப்படியும் கணக்கு முடிவில் மலை ஒயினிடம் கையிருப்பு கூடுதல்தான். பின்பக்க லேபிளிலோ தயாரிப்பாளரின் தாளிலோ பிஎச் அளவு கொடுத்திருந்தால் பாருங்கள், எண் குறைந்தால் புளிப்பு கூடுதல். 3.5 முதல் 3.7 வரை நல்லது. 3.8-ஐத் தாண்டினால், லேபிளில் எத்தனை மீட்டர் போட்டிருந்தாலும், வாயில் சப்பென்றிருக்க வாய்ப்பு அதிகம்.

தோலின் கதை வேறு. ஆயிரம் மீட்டர் ஏறினால் புறஊதாக் கதிர் 10 முதல் 12 விழுக்காடு கூடும். பழம் தன்னைக் காத்துக்கொள்ள நிறமிகளையும் துவர்ப்புப் பொருள்களையும் தோலில் சேர்த்துக்கொள்ளும். மலை மால்பெக் மை போலக் கறுத்திருப்பது இதனால்தான். டேனின் என்று சொல்லப்படும் அந்தத் துவர்ப்பு நமக்குப் புதிதல்ல. நாவல்பழம் தின்ற பிறகு நாக்கு இழுத்துப் பிடிக்குமே, வாழைப்பூவைச் சரியாக ஆயாமல் சமைத்தால் வாயில் ஒட்டுமே, அதுதான். நாவல்பழத் துவர்ப்பு நல்ல துவர்ப்பு, சாற்றோடு வந்து மறைந்துவிடும். ஆயாத வாழைப்பூ நல்லதல்ல. ஒயினையும் இந்த அளவுகோலால் தாராளமாக அளக்கலாம்.

உயரம் என்றால் இலேசான ஒயின் என்று நினைத்து வாங்குபவர்கள் ஏமாறுவார்கள். வெயில் குறைவதில்லை, சூடுதான் குறைகிறது. பழம் கொடியில் நீண்ட நாள் தொங்கிச் சர்க்கரை சேர்க்கும். ஒரு லிட்டர் சாற்றில் சுமார் 17 கிராம் சர்க்கரை நொதித்தால் ஒரு விழுக்காடு ஆல்கஹால். மெண்டோசா மலை மால்பெக்கில் 14, 14.5 சர்வசாதாரணம்.

கேமரனுக்கு வருவோம். அங்கே ஆண்டு மழை 2,500 மில்லிமீட்டரைத் தாண்டும். மெண்டோசாவில் 200 சொச்சம். மெண்டோசாவின் கொடிகள் ஆண்டிஸ் பனி உருகி வாய்க்காலில் வரும் தண்ணீரைக் குடித்து வளர்கின்றன. எப்போது குடிக்கலாம், எப்போது தாகத்தோடு நிற்க வேண்டும் என்பதை மடையைத் திறப்பவர் முடிவு செய்கிறார். கேமரனில் அந்த முடிவை வானம் எடுத்துக்கொள்ளும். இலையில் சாம்பல் நோய், குலையில் அழுகல் என்று வரிசையாக வரும். குளிர்காலமும் இல்லை. ஒயின் திராட்சைக்கு இலையுதிர்த்துத் தூங்க ஒரு பருவம் வேண்டும். கம்பம் பள்ளத்தாக்கில் கவாத்து செய்து கொடியை ஏமாற்றி, ஆண்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட அறுவடை எடுக்கிறார்கள். அந்தப் பன்னீர் திராட்சை தின்பதற்கு அமுதம். மால்பெக்கிடம் அதையே எதிர்பார்க்க முடியாது.

ஆகவே மீட்டர் எண்ணைத் தனியாகப் படிக்கக் கூடாது, அட்சரேகையோடு சேர்த்துப் படிக்க வேண்டும். அர்ஜென்டினாவின் சால்டா மாநிலத்துக் கஃபயாத்தே நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே 26 டிகிரியில் இருப்பதால் 1,700 மீட்டர் ஏறியே ஆக வேண்டும். அதே மாநிலத்தில் கொலோமே குடும்ப நிறுவனத்தின் அல்துரா மாக்சிமா தோட்டம் 3,111 மீட்டரில் இருக்கிறது. சிசிலியின் எட்னா எரிமலை 37 டிகிரி வடக்கில் நிற்கிறது. அங்கே நெரெல்லோ மஸ்கலேசே என்ற சிவப்புத் திராட்சைக் கொடிக்கு 600 முதல் 1,000 மீட்டர் போதும். இன்னும் வடக்கே, 50 டிகிரியில் ஜெர்மனியின் மோசல் கரையில் 700 மீட்டரில் நட்டால் பழம் பழுக்கவே பழுக்காது. ஒரே வட்டாரத்துக்குள் 900 மீட்டர்த் தோட்டத்தையும் 1,400 மீட்டர்த் தோட்டத்தையும் ஒப்பிடுங்கள், பொருள் இருக்கும். எட்னாவின் 800-ஐச் சால்டாவின் 1,700-உடன் ஒப்பிட்டு ஏதோ ஒன்று மட்டம் என்று முடிவு கட்டாதீர்கள்.

மலையில் கெட்டுப்போகவும் வழிகள் நிறைய. தென்கோளத்தில் துளிர்விடும் அக்டோபரில் ஓர் இரவு உறைபனி விழுந்தால் அந்த ஆண்டு விளைச்சலில் பெரும்பங்கு போய்விடும். கோடையில் ஆலங்கட்டி. மெண்டோசாவில் தோட்டங்கள் வலை போர்த்தி நிற்பதைப் பார்ப்பவர்கள் பறவைக்காக என்று நினைப்பார்கள், உண்மையில் அது ஆலங்கட்டிக்கு.

பறித்து உள்ளே கொண்டுவந்த பிறகும் ஆபத்து தீராது. தடித்த தோலைச் சாற்றோடு எத்தனை நாள் ஊறவிடுவது, எவ்வளவு முரட்டுத்தனமாகக் கலக்குவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். நொதிக்கும் தொட்டியில் தோல்கள் மிதந்து மேலே ஒரு தொப்பி கட்டும். அதை உள்ளே அமுக்க வேண்டும், அல்லது கீழிருந்து சாற்றை இறைத்து மேலே ஊற்ற வேண்டும். சமவெளிப் பழத்துக்குப் பழகிய கை, 30 டிகிரியில் நாளைக்கு மூன்று நான்கு முறை கலக்கி, 30 நாள் ஊறவைத்தால் மலைப்பழம் கடுக்காய்க் கஷாயமாகிவிடும். விதையின் பச்சைத் துவர்ப்பும் சேர்ந்து இறங்கும். அனுபவமுள்ளவர்கள் வெப்பத்தை 25-ஐ ஒட்டி வைத்து, கலக்குவதைக் குறைத்து, இரண்டு வாரத்துக்குள் தோலைப் பிரித்துவிடுவார்கள். இதற்கு நேரெதிரான விபத்தும் நடக்கும். அறுவடை முடியும் ஏப்ரலில் இரவு சில்லிட்டு, சூடேற்றும் வசதியில்லாத கொட்டகையில் நொதிப்பு பாதியில் நின்றுவிடும். மிஞ்சிய சர்க்கரையைப் பாக்டீரியா பிடித்துக்கொண்டால் காடி வாசனை வரும். வனிலாவும் கருகிய தேங்காய்ச் சிரட்டையும் போல மணக்கும் கனத்த புது ஓக் மரப் பீப்பாய் வாசனை மூக்கில் முதலில் அடித்தால், கீழே எதையோ மறைக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். எப்போதும் சரியாக இருக்காது, ஆனால் பயனுள்ள சந்தேகம்.

'குடும்பத் தோட்டம்' என்ற சொல்லையும் கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டும். பிளாரன்சின் அன்டினோரி குடும்பம் 1385 முதல் ஒயின் தொழிலில் இருக்கிறது, இன்று அது பெரிய நிறுவனம். கதேனா குடும்பத்தின் தொழிலை இத்தாலியிலிருந்து வந்த நிக்கோலா கதேனா 1902-இல் தொடங்கினார். அதுவும் இப்போது சிறியதல்ல. கொலோமே 1831-இல் தொடங்கப்பட்டாலும் இன்றைய வடிவம் 2001-இல் சுவிட்சர்லாந்துக்காரர் டோனல்ட் ஹெஸ் அதை வாங்கிய பிறகு வந்தது. குடும்பம் என்பது அளவைச் சொல்வதில்லை, தலைமுறையையும் சொல்வதில்லை. முடிவெடுப்பவர் யார் என்பதைத்தான் சொல்கிறது. லெபனானின் முசார் நல்ல எடுத்துக்காட்டு. காஸ்தோன் ஹோஷார் 1930-இல் தொடங்கியது. பழம் பெக்கா பள்ளத்தாக்கில் சுமார் 1,000 மீட்டரில் விளைகிறது, ஆலை மலைக்கு அந்தப் பக்கம் கஸீரில். உள்நாட்டுப் போரின்போதும் பழத்தை லாரியில் ஏற்றி மலை கடத்தி ஒயின் செய்தார்கள். 1976-இல் முடியவில்லை. பறித்து ஏழாண்டு கழித்துத்தான் விற்பனைக்கு விடுகிறார்கள். கால் வருடத்துக்கு ஒருமுறை லாபக் கணக்குக் காட்ட வேண்டிய நிறுவனம் இப்படிச் செய்யுமா என்பது ஐயம்தான்.

லேபிளில் தேட வேண்டியது, விளைவித்தவரே போத்தலில் அடைத்தார் என்ற வாசகம். ஆங்கிலத்தில் 'எஸ்டேட் பாட்டில்ட்', இத்தாலியத்தில் 'இம்போத்திலியாத்தோ அல்லோரிஜினே'. எஸ்டேட் என்றதும் நம்மவர்களுக்கு ரப்பர் தோட்டமும் லயன் வீடும்தான் நினைவுக்கு வரும். இங்கே அது சொந்த நிலத்துப் பழம் என்று மட்டும் பொருள். சிறிய குடும்பத்துக்கு, மோசமான ஆண்டில் வேறு ஊர்ப் பழம் வாங்கிக் கலந்து ஒப்பேற்றும் வழி இல்லை. ஆகவே அறுவடை ஆண்டைப் பார்த்து வாங்குங்கள், பெயரை மட்டும் பார்த்து வேண்டாம்.

விலையைப் பற்றி ஒரு கணக்கு. 2016 மார்ச் முதல் மலேசியாவில் ஒயினுக்குக் கலால் வரி, அதிலுள்ள சுத்த ஆல்கஹாலின் அளவுக்கேற்ப விதிக்கப்படுகிறது. லிட்டருக்கு 150 வெள்ளி என்று தொடங்கியது, 2025 நவம்பரில் 10 விழுக்காடு ஏறியது. 14 விழுக்காடு உள்ள 750 மில்லி போத்தலில் சுத்த ஆல்கஹால் 105 மில்லி, அதற்கு வரி 17 வெள்ளிக்குச் சற்று மேல். இறக்குமதி வரி, விற்பனை வரி எல்லாம் தனி. மலிவான போத்தலுக்கும் விலையுயர்ந்த போத்தலுக்கும் கலால் ஒன்றேதான். அதனால் 50 வெள்ளிப் போத்தலில் ஒயினுக்கென்று மிஞ்சுவது சொற்பம். விலை இரட்டிப்பானால் உள்ளே இருக்கும் ஒயினின் மதிப்பு இரண்டு மடங்குக்கு மேல் கூடும். மாதம் இரண்டு வாங்குபவர் ஒன்று வாங்கினால் நன்றாகக் குடிப்பார், உடம்புக்கும் அதுதான் நல்லது.

இனி நம் ஊர்ச் சூடு. போத்தல் கப்பலில் நிலநடுக்கோட்டுப் பகுதியைக் கடந்துதான் கிள்ளான் துறைமுகத்துக்கோ பட்டர்வொர்த்துக்கோ வருகிறது. குளிரூட்டிய கொள்கலனில் வந்ததா என்று கடைக்காரரைக் கேளுங்கள். தெரிந்தவர் உடனே பதில் சொல்வார், தெரியாதவர் பேச்சை மாற்றுவார். போத்தலையும் கண்ணால் சோதிக்கலாம். கழுத்தில் மூடியிருக்கும் உறையைத் திருகிப் பாருங்கள். தாராளமாகச் சுழன்றால் நல்லது. ஒட்டிக்கொண்டு அசையாவிட்டால் உள்ளே ஒயின் கசிந்து காய்ந்திருக்கலாம். கார்க் கழுத்து விளிம்புக்கு மேல் துருத்திக்கொண்டிருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். சூட்டில் ஒயின் விரியும், கார்க்குக்குக் கீழே இருக்கும் காற்றிடமோ சில மில்லிலிட்டர்தான். விரிந்தது கார்க்கைத் தள்ளும், குளிரும்போது காற்றை உள்ளே இழுக்கும்.

கடையில் நன்றாக இருந்ததை வீட்டுக்குப் போகும் வழியில் கெடுப்பது நாமாகவும் இருக்கலாம். பேரங்காடியில் ஒயினை வாங்கிக் காரின் பின்பெட்டியில் வைத்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்குப் பிரிக்ஃபீல்ட்ஸ் போய், வெயிலில் நிறுத்திய காருக்கு இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பினால் வேலை முடிந்தது. வெந்த ஒயினில் புதுப்பழ வாசனை போய், உலர்திராட்சையை வேகவைத்த வாசனை வரும். ஓரம் பழுப்படிக்கும். மலை மாதக்கணக்கில் காத்த புத்துணர்ச்சி முழுதாகப் போய், துவர்ப்பும் ஆல்கஹாலும் மட்டும் நிற்கும். வாங்குவதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள், போத்தலை முன்னிருக்கையின் அடியில் ஏர்கோன் படும்படி வையுங்கள்.

வீட்டில் வைக்க 12 முதல் 15 டிகிரி உகந்தது. அதைவிட முக்கியம் அது ஏறி இறங்காமல் இருப்பது. பகலில் 32, இரவில் ஏர்கோன் போட்டால் 22 என்று ஆடும் படுக்கையறை, ஒரே சீராக 25-இல் இருக்கும் அலமாரியைவிட மோசம். ஒயின் குளிர்பெட்டி வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மலிவான சிறிய பெட்டிகளில் கம்ப்ரசர் இருக்காது, பெல்டியர் தகடுதான். அது வெளிச்சூட்டிலிருந்து ஓரளவுதான் குறைக்கும். லண்டன் சமையலறையில் 12 டிகிரி காட்டும் பெட்டி, செந்தூல் வீட்டில் நாள் முழுக்க ஓடியும் 18, 20-க்குக் கீழே இறங்காமல் திணறும், மின்கட்டணம் மட்டும் ஏறும். கம்ப்ரசர் உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். அதுவும் இல்லையென்றால், இரண்டு மூன்று மாதத்துக்குள் குடிக்கப்போவதைச் சாதாரணக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் படுக்கவையுங்கள். அதற்கு மேல் வைத்தால் அந்த வறண்ட காற்றில் கார்க் காய்ந்துவிடும். திருகு மூடி என்றால் அந்தக் கவலையும் இல்லை.

'சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் பரிமாறவும்' என்ற வாசகத்தைப் போல நம் ஊரில் தீங்கு செய்தது வேறில்லை. அந்த அறை, கணப்படுப்பு அணைந்த ஐரோப்பியக் கல்வீட்டு அறை, 17, 18 டிகிரி. நம் அறை 30. அந்தச் சூட்டில் 14 விழுக்காடு ஆல்கஹால் மூக்கைக் குத்தும், புளிப்பு எங்கே போனதென்று தெரியாது. மால்பெக்கை 16-ஐ ஒட்டி ஊற்றுங்கள், எட்னா சிவப்பை 14-இல்கூட ஊற்றலாம். 30 டிகிரிப் போத்தல் குளிர்பெட்டியில் அந்த நிலைக்கு வர ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். அவசரமென்றால் வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர், பத்து நிமிடம். தண்ணீர் கட்டாயம். வெறும் ஐஸ் கட்டிகள் போத்தலை அங்கங்கேதான் தொடும், இடையில் காற்றுதான் இருக்கும். கிளாசில் 100 மில்லிக்கு மேல் ஊற்ற வேண்டாம். பெரிதாக ஊற்றினால் பாதியிலேயே சூடேறிவிடும். இளம் மால்பெக்கைக் குடுவையில் ஊற்றி முக்கால் மணி நேரம் மூச்சுவிட வைப்பது நல்லதுதான், குடுவையோடு குளிர்பெட்டியில் வைத்தால்.

சாப்பாட்டில் ஒரு சுவையான பொருத்தம் இருக்கிறது. நம் புளியில் இருப்பதும் திராட்சையில் இருப்பதும் ஒரே டார்டாரிக் அமிலம். உணவில் புளிப்பு கூடுதலாகவும் ஒயினில் குறைவாகவும் இருந்தால் ஒயின் தண்ணீராகத் தோன்றும். சமவெளிச் சிவப்பு ஒயின்கள் நம் இலைச்சாப்பாட்டின் முன் மண்டியிடுவது இதனால். புளிப்பைக் கையில் வைத்திருக்கும் மலை ஒயின் ஈடுகொடுக்கும். ஆட்டிறைச்சிப் பிரட்டல், அதிலும் மிளகு தூக்கலாக, மிளகாய் அடக்கமாகச் செய்தது, மால்பெக்குக்கு வாய்த்த ஜோடி. டேனின் இறைச்சியின் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும், நாக்கை விட்டுவிடும். மிளகாய்தான் எதிரி. காரத்தையும் சூட்டையும் உணரும் நரம்புமுனை ஒன்றே. ஆல்கஹால் அதை இன்னும் எளிதாகத் தூண்டிவிடும். காரமான நண்டுப் பிரட்டலுக்கு 14.5 விழுக்காடு ஒயின் ஊற்றினால் இரண்டும் கெடும். மீன் தலைக்கறிக்கும் சிவப்பு பெரும்பாலும் ஒத்துவராது. ஒயினிலுள்ள இரும்புதான் மீனோடு சேர்ந்து கவிச்சு நாற்றத்தைக் கிளப்புகிறது என்று 2009-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். துணிந்து குடிப்பதென்றால் துவர்ப்பு குறைந்த எட்னாவைக் குளிர்ச்சியாக எடுங்கள். ரசத்தோடு எதுவும் வேண்டாம், ரசமே போதும்.

மிஞ்சியதை மேசையில் விடாதீர்கள். 375 மில்லி சிறு போத்தல் ஒன்றைக் கழுவி வைத்திருந்து, திறந்தவுடனேயே பாதியை அதில் விளிம்புவரை நிரப்பி மூடிக் குளிர்பெட்டியில் வைத்தால் நான்கைந்து நாள் தாங்கும். பெரிய போத்தலில் பாதி காற்றோடு வைத்தால் இரண்டு மூன்று நாள். இளம் மலை ஒயின் மறுநாள் துவர்ப்பு இளகி முதல் நாளைவிட நன்றாக இருப்பதும் உண்டு. அதற்காகவே சிலர் ஒரு நாள் முன்னதாகத் திறக்கிறார்கள். ஐந்தாம் நாள் காடி வாடை தட்டினால் ஆட்டிறைச்சியை ஊறவைக்க ஒரு கிளாஸ் போதும்.